தபால் பிரிப்பவளும் பிரித்துப் படிப்பவளும்

இந்த நாவலின் பெயரைச் சொல்லாமலே இதை எழுதப் போகிறேன். விமர்சனத்துக்கு இது கொஞ்சம் கிறுக்குத்தனம்தான். ஆனால் என்ன செய்வது, கதாநாயகி 340 பக்கம் பொத்திப் பொத்தி வைத்திருக்கிற ரகசியத்தை அட்டையில் தங்க எழுத்தில் அச்சடித்து வைத்திருக்கிறார்கள். பெயரைப் படித்தால் பாதிக் கதை போச்சு. என் மருமகள் அப்படித்தான் ஏமாந்தாள். அந்த வயிற்றெரிச்சலில், எனக்குக் கொடுக்கும்போது பழுப்புக் காகிதத்தில் அட்டை போட்டு, ஓரமெல்லாம் டேப் ஒட்டி, முன்னால் உள்ள இரண்டு தாளையும் ஸ்டேப்ளர் அடித்து மூடிக் கொடுத்தாள்.

“அத்தை, கடைசிப் பக்கம் முடிக்கிற வரைக்கும் இந்த அட்டையைப் பிரிக்காதீங்க.”

யாரிடம் சொல்கிறாள் பாருங்கள். 31 வருஷம் தபால் பிரித்தவள் நான். பிரித்தேன் என்றால், ஊர் வாரியாக, தெரு வாரியாகப் பிரித்துக் கட்டத்தில் போட்டேன். பிரித்துப் படித்ததில்லை. தமிழில் இரண்டுக்கும் ஒரே சொல்லாக அமைந்துவிட்டதால் கல்யாண வீடுகளில் இந்தக் கிண்டலை எத்தனையோ முறை கேட்டாயிற்று. இந்த நாவலின் நாயகி அந்த இரண்டாவது வேலையைச் செய்கிறவள். அடுத்தவர் கடிதத்தை யாருக்கும் தெரியாமல் பிரித்து, நகலெடுத்து, மறுபடி மூடி அனுப்புகிறவள். அதுவும் அரசாங்கத்துக்காக. இது இரண்டாம் அத்தியாயத்திலேயே தெரிந்துவிடும், ஆகவே நான் எதையும் கெடுத்துவிடவில்லை. அரசாங்கத்துக்காக மட்டும்தானா என்பதுதான் ரகசியம். அதைச் சொல்ல மாட்டேன்.

இங்கிலாந்தில் ரீஜென்சி என்று சொல்கிற காலம் இது. மூன்றாம் ஜார்ஜ் மன்னருக்கு மனநிலை சரியில்லாமல் போய், 1811 பிப்ரவரி முதல், அவர் 1820 ஜனவரியில் இறக்கும் வரை, மூத்த மகன் ராஜப் பிரதிநிதியாக இருந்து ஆண்ட ஒன்பது வருஷம். இந்தக் காலத்துக் காதல் கதைகளுக்கு என்று ஓர் அச்சு உண்டு. கோமான், நடன விருந்து, வம்பு பேசும் அத்தைமார், கடைசியில் கல்யாணம். நான் படித்த பத்துப் பதினைந்து நாவல்களில் நெப்போலியன் போர் வெறும் பின்சீலைதான். நாயகன் தோளில் ஒரு தழும்பு வேண்டும், அதற்காக ஒரு போர். இந்த நாவலில் போர், கடிதமாக வந்து மேசையில் விழுகிறது. எனக்கு அது போதும். உட்கார்ந்துவிட்டேன்.

கதை 1814 பிப்ரவரி 21, திங்கட்கிழமை தொடங்குகிறது. விடியுமுன் டோவர் துறைமுகத்தில் சிவப்புச் சீருடை போட்ட ஒருவன் விடுதிக் கதவைத் தட்டி, நெப்போலியன் செத்தான், ரஷ்யக் குதிரை வீரர்களான கொசாக்குகள் வெட்டிப் போட்டுவிட்டார்கள் என்கிறான். பக்கத்து டீல் துறைமுகத்திலிருந்த கடற்படைத் தளபதிக்குக் கடிதமும் அனுப்புகிறான். டீலிலிருந்து லண்டனுக்கு அப்போது குன்றுக்குக் குன்று பலகைத் தந்தி இருந்தது. ஒரு பெரிய சட்டத்தில் ஆறு பலகை, அவற்றைத் திறந்து மூடி எழுத்துக் காட்டுவார்கள். அன்றைக்குப் பார்த்து மூடுபனி. பலகை தெரியவில்லை, செய்தி போகவில்லை. ஆனாலும் ஆள் குதிரை வண்டியில் லண்டன் வந்து சேர, பங்குச் சந்தையில் அரசுக் கடன் பத்திரங்கள் விறுவிறுவென்று ஏறி, பொய் என்று தெரிந்ததும் விழுந்தன. நிஜமாகவே நடந்த மோசடி இது. புகழ்பெற்ற கடற்படை வீரரான காக்ரேன் பிரபுவையும் இதில் சேர்த்துத் தண்டித்தார்கள். எனக்கு ஒன்றும் தெரியாது என்று அவர் கடைசி வரை சொல்லிக்கொண்டிருந்தார்.

நாயகியின் அப்பா அன்று காலை உச்ச விலையில் பத்திரம் வாங்கிவிடுகிறார். சாயங்காலம் கையில் ஒன்றுமில்லை. நாயகிக்கு 27 வயது, விதவை. கணவன் முந்தின வருஷம் ஜூனில் ஸ்பெயினின் விட்டோரியா போரில் இறந்தவன். கறுப்பு உடை முடிந்து சாம்பலும் ஊதாவும் உடுத்தத் தொடங்கப்போகிற நேரம். அப்பா வெளிப் பார்வைக்கு முத்திரை செதுக்கும் கைவினைஞர். உள்ளே அவர் பார்ப்பது வேறு வேலை.

அந்த வேலையை நாவலாசிரியர் கற்பனையில் பிடிக்கவில்லை. லண்டன் அஞ்சல் தலைமையகம் அப்போது லம்பார்ட் தெருவில் இருந்தது. அதற்குள் ரகசிய அலுவலகம் என்ற பெயரிலேயே ஒரு பிரிவு. மூன்று அறை, ஆப்சர்ச் சந்துப் பக்கம் தனி வாசல், எந்நேரமும் எரிகிற கணப்பும் மெழுகுவத்தியும். வெளிநாட்டுத் தூதர்களின் கடிதங்களை அங்கே திறந்து நகலெடுத்தார்கள். சங்கேதத்தில் இருந்தால் அதை உடைக்க இன்னொரு பிரிவு. பிற்பாடு பிஷப் ஆன ஒருவர் அதில் தலையெடுத்து, அவருக்குப் பின் மகன், பேரன் என்று கிட்டத்தட்ட குடும்பத் தொழிலாகவே நடந்தது. இரண்டையும் 1844ல்தான் மூடினார்கள். அதற்குக் காரணமானவர் லண்டனில் அடைக்கலம் புகுந்திருந்த இத்தாலியப் புரட்சிக்காரர் மாட்சினி. தன் கடிதங்களைத் திறக்கிறார்கள் என்ற சந்தேகத்தில் உள்ளே கசகசா விதையும் தலைமுடியும் மணலும் போட்டு அனுப்பச் சொல்லிப் பார்த்தார். வந்து சேரும்போது விதை இல்லை. நாடாளுமன்றத்தில் பெரிய ரகளையாகிவிட்டது.

பெண்கள் யாரும் அங்கே சம்பளம் வாங்கியதாக நான் எங்கும் படித்ததில்லை. ஆசிரியர் அதை அழகாகத் தாண்டுகிறார். அப்பாவுக்குக் கண் மங்கிக்கொண்டே வருகிறது, கையும் நடுங்குகிறது, அலுவலகத்துக்குத் தெரிந்தால் வேலை போய்விடும். ஆகவே இரவில் வீட்டுக்குப் பை வரும். சம்பளம் அப்பா பெயரில், வேலை மகள் கையில்.

இப்போது மூன்றாம் அத்தியாயத்துக்கு வருகிறேன். இந்த நாவலை நான் சிபாரிசு செய்வதே அந்த 22 பக்கத்துக்காகத்தான். ஒரே ஒரு கடிதத்தைப் பிரித்து மூடுகிறாள், அவ்வளவுதான் நடப்பது. முதலில் கடிதத்தைத் தொடுவதில்லை. மடிப்பு எந்தப் பக்கம், நூல் எத்தனை சுற்று, அரக்கின் ஓரத்தில் எங்கே வழிந்திருக்கிறது என்று பார்த்துச் சிலேட்டில் வரைந்துகொள்கிறாள். ரொட்டியின் உள்சதையைப் பிசைந்து முத்திரையின் அச்சை எடுக்கிறாள். அது காயக் காத்திருக்கிறாள். அந்தக் காத்திருப்புக்கு ஒரு முழுப் பக்கம். அப்புறம் மெல்லிய கத்தியைச் சூடாக்கி, கன்னத்தில் வைத்துப் பதம் பார்த்து, அரக்குக்கு அடியில் விடுகிறாள். சூடு கூடினால் அரக்கு பளபளப்பாகிவிடும், குறைந்தால் விரிசல். அவளுடைய பயம் பிடிபடுவதைப் பற்றியது இல்லை, அந்தப் பளபளப்பைப் பற்றியது. இதை எழுதியவர் நிச்சயம் ஒரு முறையாவது அரக்கு உருக்கி விரலைச் சுட்டுக்கொண்டிருக்க வேண்டும். நான் பதிவுத் தபால் பைகளுக்கு அரக்கு வைத்திருக்கிறேன். அந்த வாசனை ராத்திரி சாப்பாட்டுத் தட்டு வரை கூடவே வரும். நாவலிலும் அந்த வாசனைதான் பிற்பாடு அவளைக் காட்டிக்கொடுக்கப் பார்க்கிறது. நடன விருந்தில் நாயகன் அவள் கையுறையைக் குனிந்து முத்தமிடுகிறபோது ஒரு நொடி நிற்கிறான். வாசனைத் தைலத்துக்கு அடியில் வேறேதோ.

தபால் விஷயங்களில் ஆசிரியர் பெரும்பாலும் சுத்தம். அந்தக் காலத்தில் தபால்தலை கிடையாது, முதல் தபால்தலை வந்தது 1840ல். கடிதம் வாங்குகிறவர்தான் காசு கொடுக்க வேண்டும். எல்லாமே பேரிங் தபால் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதுவும் தூரத்தைப் பொறுத்து, தாளின் எண்ணிக்கையைப் பொறுத்து. 50 மைலுக்கு மேல் 80 மைலுக்குள் ஒரு தாளுக்கு 8 பென்னி. டோவரிலிருந்து லண்டனுக்கு இரண்டு தாள் எழுதினால் ஒரு ஷில்லிங் 4 பென்னி. உறை போட்டால் உறையும் ஒரு தாள் கணக்கு, அதனால் யாரும் உறை போடுவதில்லை, தாளையே மடித்து வெளிப்புறத்தில் விலாசம். இடம் போதாவிட்டால் தாளைக் கால்வட்டம் திருப்பி, எழுதிய வரிகளின் மேலேயே குறுக்காக எழுதுவார்கள். நாயகியின் அத்தை அப்படி எழுதுகிற கஞ்சக் கோமாட்டி. அவள் கடிதங்களைப் படிக்கிற காட்சிகளில் வாய்விட்டுச் சிரித்தேன். நேர்வரியில் பக்கத்து வீட்டுக்காரரின் மரணம், குறுக்குவரியில் வாத்துக் கறி. கண் தவறினால் அவரையே வறுத்துவிடுகிறாள்.

காசு கொடுக்காமல் அனுப்பவும் ஒரு வழி இருந்தது. நாடாளுமன்ற உறுப்பினர் கையெழுத்துப் போட்டால் இலவசம். ஒரு நாளைக்கு 10 கடிதம் அனுப்பலாம். ஆனால் விலாசம் முழுவதையும் அவரே தன் கையால் எழுத வேண்டும், தேதியும் ஊரும் சேர்த்து. ஊரெல்லாம் இந்தச் சலுகைக்காக உறுப்பினர்களைப் பிய்த்து எடுத்ததால் வந்த விதி இது. இந்த விதியை வைத்துத்தான் நாவலின் சிறந்த துப்பு. ஒரு கனவான் லண்டன் என்று எழுதித் தேதி போட்டிருக்கிற அதே நாளில் அவர் பிரைட்டன் கடற்கரையில் நின்று நாயகியின் அத்தைக்குக் குடை பிடித்திருக்கிறார். கடிதத்தைப் பிரிக்கவே வேண்டாம். வெளியே பார்த்தாலே போதும். அந்த இடத்தில் புத்தகத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்து ஒரு நடை நடந்துவிட்டு வந்தேன். உள்ளே இருப்பதைவிட வெளியே இருப்பது அதிகம் பேசும் என்பதைத் தபால் பிரித்தவர்கள் மட்டும்தான் நம்புவார்கள். (வில்லன் யார் என்று சொல்லிவிட்டேனே என்று பதற வேண்டாம். அவர் மூக்குப்பொடி டப்பாவைத் திறக்கிற விதத்திலேயே 40ஆம் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்துவிடும். நாவலின் ரகசியம் அவரிடம் இல்லை.)

அப்புறம் அந்தப் பையில் ஒரு நாள் வருகிற கடிதம். நாயகன் தன் தங்கைக்கு எழுதியது. வெளிநாட்டுத் தபாலோடு தவறுதலாகச் சேர்ந்து வந்துவிட்டது. உள்நாட்டுக் கடிதத்தைத் திறக்க வேண்டுமானால் அமைச்சரின் ஆணை வேண்டும், அது இல்லை. ஆணை இருக்கிறதா என்று கேட்கவும் ஆள் இல்லை. வீட்டில் அவளும் மெழுகுவத்தியும்தான். கடிதத்தில் தன்னைப் பற்றித்தான் இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும், ஏனென்றால் மடிப்பின் இடுக்கில் தன் பெயரின் முதல் எழுத்து தெரிகிறது. கத்தியைச் சூடாக்குகிறாள். கன்னத்தில் வைத்துப் பார்க்கிறாள். ஆற விடுகிறாள். திரும்பச் சூடாக்குகிறாள். கடைசியில் கடிதத்தைப் பையில் போட்டுவிட்டு, நாடு நாடாகக் கடிதம் திறந்தவள், அந்த ஒரு கடிதத்தைத் திறக்காததற்காக அழுகிறாள்.

இந்த இடத்தில் என்னால் நடுநிலையாக எழுத முடியாது. எனக்கு அப்போது 23 வயது. வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம். மதியத் தபாலைப் பிரித்துக்கொண்டிருக்கிறேன், ஓர் இன்லண்ட் லெட்டர் கைக்கு வந்தது. எங்கள் அப்பா பெயர், எங்கள் வீட்டு விலாசம். பின்பக்கம் அனுப்புநர் இடத்தில், முந்தின வாரம் என்னைப் பெண் பார்த்துவிட்டுப் போனவர்களின் பெயர். இன்லண்ட் லெட்டரை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் உள்ளே நாலு சொல்லாவது தெரியும், எந்தத் தபால்காரரைக் கேட்டாலும் சொல்வார். தலைக்கு மேலே குழல் விளக்கு. நான் தூக்கிப் பிடிக்கவில்லை. எங்கள் தெருவுக்கான கட்டத்தில் போட்டேன். அடுத்த கடிதத்தை எந்தக் கட்டத்தில் போட்டேன் என்று எனக்கு இன்றுவரை ஞாபகமில்லை, பாவம் அது யாருடையதோ. மறுநாள் சாயங்காலம் வேலை முடிந்து வீட்டு வாசலில் அம்மாவின் முகத்தைப் பார்க்கிற வரை எனக்குப் பதில் தெரியாது. சம்மதம் என்று எழுதியிருந்தார்கள். அந்த மாப்பிள்ளை இப்போது பக்கத்து நாற்காலியில் பேப்பர் படித்துக்கொண்டிருக்கிறார்.

இந்த நாவலை நான் படித்த ஒன்பது நாளும் ராத்திரிச் சாப்பாட்டின்போது அவருக்குக் கதை சொன்னேன். எல்லாவற்றுக்கும் “ம்” தான். ஒரே ஒரு நாள் மட்டும், “அந்தப் பெண்ணை நீ ரொம்ப நம்பாதே” என்றார். மனுஷர் கவனித்துத்தான் கேட்கிறார் என்று சந்தோஷப்பட்டேன்.

நாயகனைப் பற்றி. கோமான், 34 வயது, இடது காலில் ஊனம், வழக்கமான தாடை. தாடையைப் பற்றிப் பத்துப் பக்கத்துக்கு ஒரு தடவை வந்துவிடுகிறது. ஆனால் அவனுக்குள் ஒரு நல்ல முடிச்சு இருக்கிறது. ஸ்பெயினில் பிரிட்டிஷ் தளபதி வெலிங்டனின் படையில் அவன் உளவறியும் அதிகாரியாக இருந்தவன். ஒற்றன் என்று சொன்னால் மட்டும் கோபம் வரும். எதிரியின் பகுதிக்குள் அவர்கள் முழுச் சீருடையோடுதான் குதிரையில் போனார்கள். அதுதான் அவர்களுக்கு மானம், உயிருக்கும் காப்பு. கோல்குன் கிராண்ட் என்ற அதிகாரி 1812ல் பிரெஞ்சுக்காரர்களிடம் பிடிபட்டபோது சீருடையில் இருந்ததால் கைதியாக நடத்தப்பட்டார். சாதாரண உடையில் இருந்திருந்தால் தூக்கு. நம் நாயகன் அந்தப் பெருமையில் வளர்ந்தவன். மாறுவேஷமும் திருட்டுக் கடிதமும் அவனுக்குக் கீழ்த்தரம். அப்படிப்பட்டவனிடம் லண்டனில் யாரோ கடிதங்களைத் திறந்து பாரிசுக்கு விஷயம் அனுப்புகிறார்கள், கண்டுபிடி என்று வேலை கொடுக்கிறார்கள். அவன் காதலிப்பதோ சீருடையே இல்லாத, இருக்கவும் முடியாத ஒருத்தியை.

அவளுக்குச் சீருடை ஏன் இல்லை என்று ஒரு சண்டைக் காட்சி வருகிறது. நாவலின் இன்னொரு உச்சம். மானத்தோடு உளவு பார்க்க அவனுக்கு அரசாங்கம் சிவப்புக் கோட்டுத் தைத்துக் கொடுத்தது, தனக்கு என்ன கொடுத்தது என்கிறாள். மறுமணம் செய்துகொண்டால் அன்றைய சட்டப்படி அவள் சம்பாத்தியமும் கைப்பொருளும் கணவனுடையது ஆகிவிடும். விதவையாக இருக்கிற வரைக்கும்தான் அவள் காசு அவள் காசு. அவள் ரகசியமாக இருப்பது சுபாவத்தால் இல்லை, கணக்குப் போட்டு. காதலைச் சொன்னால் வேலையைச் சொல்ல வேண்டும், வேலையைச் சொன்னால் அப்பா போய்விடுவார், எதையும் சொல்லாமல் கல்யாணம் செய்துகொண்டால் அவளே போய்விடுவாள். பல நாவல்களில் நாயகி ரகசியம் காப்பது, நாயகன் தவறாகப் புரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகத்தான். ஒரு வார்த்தை வாய் திறந்தால் கதை முடிந்துவிடும். இங்கே வாய் திறந்தாலும் முடியாது.

சரி, இனி குறைகள். எனக்கு உண்மையாகவே கோபம் வந்த ஒன்று இருக்கிறது.

கதை முழுக்க நாயகியின் மனத்துக்குள் இருந்துதான் சொல்லப்படுகிறது. அவள் பசி, அவள் குளிர், கத்தியின் சூடு, எல்லாம் நமக்குத் தெரிகிறது. ஆனால் அந்தப் பெரிய ரகசியம் வரும்போது மட்டும் ஆசிரியர் திரையை இழுத்துவிடுகிறார். மார்ச் மாதத்து விஷயத்தை அவள் நினைத்துக்கொண்டாள் என்பார். மேலே அதை நினைக்கக் கூடாது என்று ஜன்னலைப் பார்த்தாள் என்பார். இப்படி எண்ணி 14 இடம். தன் மனத்துக்குள் தானே யாரம்மா இப்படிச் சுற்றி வளைத்து நினைப்பார்கள்? மளிகைச் சீட்டில் பருப்பு என்று எழுதாமல் அந்த மஞ்சள் பொருள் என்று எழுதுவதைப் போல. அவள் நாயகனிடம் மறைப்பது அவள் இஷ்டம். என்னிடம் மறைப்பதாக இருந்தால் என்னை அவள் தலைக்குள் உட்கார வைத்திருக்கக் கூடாது. நாயகன் கண்ணிலிருந்து சொல்லியிருந்தால், அல்லது கடிதங்களாகவே எழுதியிருந்தால், இந்தத் தில்லுமுல்லு தேவைப்பட்டிருக்காது. இவ்வளவு தபால் தெரிந்தவருக்கு அது தோன்றாமல் போனது ஆச்சரியம்தான்.

சங்கேதப் பகுதியும் ஏமாற்றம். ஸ்பெயினில் பிரெஞ்சுக்காரர்கள் பயன்படுத்திய பெரிய சங்கேதத்தில் சுமார் 1400 எண்கள். அதை 1812ல் உடைத்தவர் ஜார்ஜ் ஸ்கோவெல் என்ற அதிகாரி, வெலிங்டனின் படைத் தபாலையும் அவர்தான் கவனித்தார். கரடுமுரடான மலைப்பாதைகளில் தபால்காரர்களை நிர்வகித்துக்கொண்டே ராத்திரியில் எண்களோடு மல்லுக்கட்டிய மனிதர். அவரைக் கதைக்குள் கொண்டுவந்து மூன்றே பக்கத்தில் நாயகனின் வாய்வழியாகப் பாடப்புத்தகம் போல ஒப்பித்து முடித்துவிட்டார்கள். அரக்குக்கு 22 பக்கம் கொடுத்த கைதானா இது?

ஆல்மாக்ஸ் நடன மண்டபம் வருகிறது, ராத்திரி 11 மணிக்குக் கதவு சாத்துகிறார்கள், எலுமிச்சைச் சாறு தண்ணீராக இருக்கிறது. எல்லா நாவலிலும் அப்படித்தான் இருக்கிறது. தாண்டிப் போகலாம்.

ஒரு தப்பு. 19ஆம் அத்தியாயத்தில் ஒரு பணிப்பெண் கடித உறையின் பசையை நாக்கால் நக்கி ஒட்டுகிறாள். 1815ல்! பக்கத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டேன். கீழே ஏற்கெனவே மருமகளின் கையெழுத்தில் ஓர் ஆச்சரியக்குறி இருந்தது. எங்கள் வீட்டில் கல்வி வீண்போகவில்லை.

பெரிய குறை 24ஆம் அத்தியாயத்தில் தொடங்குகிறது. நாடு கடத்தி வைத்திருந்த எல்பா தீவிலிருந்து நெப்போலியன் தப்பி வந்தாயிற்று, ஐரோப்பா மறுபடி கலங்குகிறது, கதை வேகம் எடுக்கிறது. சரியாக அப்போது நாயகியை டீல் கடற்கரையில் ஒரு படகுக் கொட்டகையில் பூட்டிவிடுகிறார்கள். 60 பக்கம்! பூட்டையே நம்பாத கை அவளுடையது. அந்தக் கை சும்மா இருக்க, நாயகன் குதிரையில் வந்து கதவை உடைக்கிறான். நடுவே கள்ளக் கடத்தல்காரர்கள் வருகிறார்கள், அது மட்டும் ருசி. போர்க்காலத்தில் கென்ட் கரையிலிருந்து துடுப்புப் படகில் தங்க கினி நாணயங்களைக் கால்வாயைக் கடந்து பிரான்சின் கிராவ்லீன் துறைக்குக் கொண்டுபோனார்கள். அவர்கள் தங்குவதற்கென்றே நெப்போலியன் அங்கே இடம் ஒதுக்கி வைத்திருந்தான். தங்கத்தோடு செய்தித்தாளும் கடிதமும் போகும். அந்தக் கிழட்டுப் படகோட்டி ஒருவர் கதையில் பேசுகிற நான்கு பக்கம், நாயகனின் குதிரைச் சவாரி 20 பக்கத்தைவிடத் தேவலை.

முடிவு நன்றாக எழுந்து நிற்கிறது. 1815 ஜூன் 21 இரவு, செயின்ட் ஜேம்ஸ் சதுக்கத்தில் ஒரு மாளிகை, ராஜப் பிரதிநிதி விருந்தாளி. நெப்போலியன் தோற்ற வாட்டர்லூ போர் நடந்தது 18ஆம் தேதி. மூன்று நாளாக லண்டனுக்குச் சரியான செய்தி இல்லை. மேஜர் ஹென்றி பெர்சி காற்றில்லாமல் நின்றுபோன கப்பலிலிருந்து இறங்கித் துடுப்புப் போட்டுக் கரை சேர்ந்து, போர்க்களத்து அழுக்கு உடையோடு நாலு குதிரை வண்டியில் வருகிறார். பிடித்த இரண்டு பிரெஞ்சுக் கழுகுச் சின்னங்கள் வண்டி ஜன்னலுக்கு வெளியே நீட்டிக்கொண்டு இருக்கின்றன. இதெல்லாம் வரலாறு. விருந்து கெட்டுப்போச்சே என்று வீட்டுக்காரம்மா நொந்துகொண்டதாகக்கூடச் சொல்வார்கள். வெலிங்டனின் அறிக்கையை பெர்சி ஒரு ஊதா வெல்வெட் கைக்குட்டைப் பையில் கொண்டுவந்தார், புறப்படுமுன் நடனத்தில் ஒரு பெண் கொடுத்த பை அது என்பார்கள். ஆசிரியர் அந்தப் பையைப் பிடித்துக்கொள்கிறார். அறை முழுவதும் செய்தியைப் பார்க்கிறது. நாயகி மட்டும் பையைப் பார்க்கிறாள், எப்படி மூடியிருக்கிறது என்று. நாயகன் அவள் பார்ப்பதைப் பார்க்கிறான். அப்போது அவனுக்கு எல்லாம் புரிகிறது. ஒரு வசனம் இல்லை. படகுக் கொட்டகையை மன்னித்துவிட்டேன், முழுவதுமாக இல்லாவிட்டாலும்.

காதல் காட்சிகள் எப்படி என்று கேட்பவர்களுக்கு: கையுறையைக் கழற்றுவதே ஒரு சம்பவம் என்கிற வகை. மாமியாரும் மருமகளும் மாற்றி மாற்றிப் படிக்கலாம். ஓர் அத்தியாயத்தைப் பற்றி மட்டும் நாங்கள் இருவரும் பேசிக்கொள்ளவில்லை. ஆங்கில நடை சுலபம்தான், குறுக்கு எழுத்துக் கடிதங்கள் வரும் இடங்களில் நிதானம் வேண்டும். எழுத்து சிறியது, ராத்திரி படிக்கிறவர்கள் கண்ணாடியைத் துடைத்துக்கொள்ளுங்கள். முடிந்தால் யாரையாவது அட்டை போட்டுக் கொடுக்கச் சொல்லி வாங்குங்கள்.

நேற்றுச் சாயங்காலம் கடைசிப் பக்கத்தை முடித்தேன். ரகசியம் என் ஊகத்தில் பாதி சரி, பாதி தப்பு. பெயரைப் பார்த்துவிடலாம் என்று பழுப்பு அட்டையைப் பிரிக்க உட்கார்ந்தேன். பழக்க தோஷம், முதலில் தொடாமல் பார்த்தேன். டேப் ஓரத்துக்கு நேராக இல்லை. அதற்கு அடியில், விரல் நீளத்துக்குப் பழுப்புக் காகிதத்தின் மேல்தோல் உரிந்து வெள்ளையாக இருந்தது. ஒரு டேப்பை எடுத்துவிட்டு, அதன் மேலேயே இன்னொன்றை ஒட்டினால்தான் அப்படி ஆகும். உள்தாளில் ஸ்டேப்ளர் பின் ஒன்று, ஓட்டை நான்கு.

மருமகளைக் கூப்பிட்டுக் காட்டினேன். “நான் ஒரு தடவைதான் அடிச்சேன் அத்தை” என்றாள்.

இருவரும் திரும்பிப் பார்த்தோம். பக்கத்து நாற்காலியில் பேப்பர் கொஞ்சம் உயர்ந்து முகத்தை மறைத்தது. நாங்கள் ஒன்றும் கேட்கவில்லை. பேப்பருக்குப் பின்னாலிருந்து, “தலைப்பை மட்டும்தான் பார்த்தேன்” என்றார்.